‘உராய்வு காரணமாக வெடித்தது’ என்கிறார்களே... அந்த உராய்வு எங்கிருந்து வருகிறது? பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் தரையைக் கூட்டுவது ஏன் உயிர் காக்கும் வேலை?

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் எந்தப் பட்டாசு ஆலை வெடித்தாலும் டிவி திரையின் அடியில் ஓடும் வரி கிட்டத்தட்ட ஒன்றுதான்: ‘மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக விபத்து’. முதற்கட்ட விசாரணையிலும் அதுதான் வரும். அதோடு செய்தி முடிந்துவிடும்.

ஆனால் உராய்வுன்னா எது எதன் மேல உராய்ஞ்சது? மருந்து தானாகவா உராய்ந்துகொள்ளும்?

பல நேரங்களில் இதற்கான பதில் ரொம்பச் சாதாரணமான இடத்தில் இருக்கிறது. தரையில் சிந்தி, யாரும் துடைக்காமல் விட்ட பவுடர். செருப்போடு உள்ளே வந்த மணல். நேற்று கலந்து மிச்சமான மருந்து. கதவை மறித்து அடுக்கிய அட்டைப் பெட்டி. இங்கிலீஷில் இதையெல்லாம் சேர்த்து ‘ஹவுஸ் கீப்பிங்’ என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் நமக்கு லாட்ஜில் பெட்ஷீட் மாற்றுவதுதான் ஞாபகம் வரும். தொழிற்சாலையில் அதன் அர்த்தமே வேற. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ்

விளாத்திகுளத்தில் இருந்து எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி போகும் வழியெல்லாம் கரிசல் காடு. மிளகாய், பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, சோளம் எல்லாமே வானம் பார்த்த விவசாயம். மழை சரியாகப் பெய்தால் காட்டு வேலை. இல்லையென்றால் தீப்பெட்டி, பட்டாசு, கரிமூட்டம், மில். இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான். பட்டாசு ஆலை என்றால் ‘வெடி ஆபீஸ்’.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வெயில் அதிகம். விவசாயத்துக்கு எதிரியாக இருந்த இதே விஷயங்கள்தான் மருந்து காய வைக்கும் தொழிலுக்கு வசதியாகிவிட்டன. அந்தக் காய்ந்த காற்றுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

முதலில், மருந்து ஏன் இவ்வளவு கோபக்காரனா இருக்கு?

தமிழில் நோயைத் தீர்ப்பதும் மருந்துதான், வெடிப்பதும் மருந்துதான். பட்டாசு மருந்தில் பொதுவாக இரண்டு வகைப் பொருள் இருக்கும். ஒன்று எரிகிற பொருள்: கந்தகம், அலுமினியப் பவுடர், கரித்தூள். இன்னொன்று ஆக்சிஜனைத் தருகிற பொருள்: வெடியுப்பு மாதிரி. வீட்டு அடுப்பு எரிய வெளிக்காற்று வேண்டும். மூடி போட்டால் அணைந்துவிடும். பட்டாசு மருந்துக்கு வெளிக்காற்று தேவையே இல்லை, தேவையான ஆக்சிஜன் கலவைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ஒருமுறை பற்றினால் நிறுத்துவது கஷ்டம்.

பற்றுவதற்கு எவ்வளவு சூடு வேண்டும்? அதுவும் பெரிதாக வேண்டாம். கலவைக்குள் ஒரு மணல் துகள் இருந்து, அதை யாரோ மிதித்தாலோ, மேலே ஒரு தட்டை வைத்து இழுத்தாலோ போதும். மணல் கெட்டியானது. இரண்டு கெட்டியான பரப்புக்கு நடுவில் மருந்து மாட்டி அரைபடும்போது, அந்தக் குட்டிப் புள்ளியில் மட்டும் சூடு ஏறும். கண்ணுக்கே தெரியாத அந்தப் புள்ளிதான் நாம் செய்தியில் படிக்கிற ‘உராய்வு’.

இப்போது, ஒழுங்காக நடத்தப்படும் ஆலைகளில் இருக்கும் சில பழக்கங்களை யோசித்துப் பாருங்க. செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் தொட்டியில் தண்ணீர் இருக்கும், காலைக் கழுவிவிட்டுத்தான் மருந்து அறைக்குள் போக வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புக் கரண்டி, இரும்பு வாளி கூடாது. புதிதாக வேலைக்கு வருபவருக்கு இது ஏதோ கோயில் சம்பிரதாயம் மாதிரி தோன்றலாம். காரணம் அந்த மணல்தான். கரிசல் காட்டில் ஆடி மாசக் காற்றில் எவ்வளவு புழுதி பறக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் புழுதி மருந்து அறைக்குள் வராமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

காய்ந்த காற்றின் இன்னொரு முகம் என்று சொன்னேன் இல்லையா? அது நிலை மின்சாரம். நைலான் சேலையைக் கழற்றும்போது சடசடன்னு சத்தம் வருமே, அதுதான். காற்றில் ஈரம் இல்லாத நாளில் இது அதிகமாகச் சேரும். நமக்கு ஒரு சின்னச் சுருக்கு, மருந்துக்கு அது தீப்பொறி. பருத்தித் துணி உடுத்தச் சொல்வதும், அறைக்குள் போகும் முன் வாசலில் பூமியோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடச் சொல்வதும் இதற்காகத்தான்.

உண்மையான வில்லன்: மிச்சம்

பட்டாசு ஆலை ஹவுஸ் கீப்பிங்கை ஒரே வார்த்தையில் சொல்லணும்னா, ‘மிச்சம் வைக்காதே’. அன்றைக்குத் தேவையான அளவு மட்டும்தான் மருந்து கலக்க வேண்டும். கலந்தது அன்றைக்கே தீர வேண்டும். தீராவிட்டால் அன்றைக்கே முறையாக அழிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் மெதுவாக ரசாயன மாற்றம் தொடங்கும். அது சூட்டைக் கிளப்பும். கொஞ்சமாகப் பரப்பி வைத்திருந்தால் சூடு வெளியேறிவிடும். மூடிய பாத்திரத்தில் குவியலாக இருந்தால் சூடு உள்ளேயே தங்கி, மேலும் மாற்றத்தைத் தூண்டி, மேலும் சூடாகும். ராத்திரி முழுக்க யாரும் பார்க்காத அறையில் இது நடக்கும். லீவு முடிந்து காலையில் வந்து மூடியைத் திறப்பவருக்கு, உள்ளே இருப்பது நேற்று வைத்துவிட்டுப் போன அதே மருந்து இல்லை என்று தெரியாது. மழைக்காலத்திலும், மழை பெய்து வெயில் அடிக்கிற நாட்களிலும் இந்த ஆபத்து கூடுதல்.

அதே காரணத்தால், சிந்திய மருந்தைத் துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த துடைப்பத்தால் பரபரன்னு கூட்டக் கூடாது, அதுவே உராய்வு. சிந்தியது கொஞ்சம் என்றால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை உடனே நிறையத் தண்ணீர் இருக்கும் வாளியில் போட வேண்டும். ஈரத்துணியை அப்படியே சுருட்டி மூலையில் வைத்தால், மேலே சொன்ன குட்டி அடுப்பை நாமே பற்ற வைத்த மாதிரி. நிறையச் சிந்திவிட்டால் தொழிலாளி கை வைக்கவே கூடாது. எல்லாரும் வெளியே வந்து போர்மேனைக் கூப்பிட வேண்டும்.

கழிவுப் பட்டாசும் மிச்சம்தான். திரி சரியில்லாதது, உடைந்தது, மருந்து சிந்தியது என்று தினமும் கொஞ்சம் சேரும். ‘சேரட்டும், சனிக்கிழமை மொத்தமா எரிச்சிக்கலாம்’ என்று விட்டால், சனிக்கிழமை அது கழிவு கிடையாது, ஒரு குண்டு. கழிவை எரிக்கும்போது நடந்த விபத்துகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, தினமும், கட்டடங்களில் இருந்து தள்ளி இருக்கும் குழியில், பொறுப்பானவர் பக்கத்தில் இருக்க மட்டும்தான் அழிக்க வேண்டும்.

இடைவெளியும் ஒரு பாதுகாப்புக் கருவி

பட்டாசு ஆலையை வெளியில் இருந்து பார்த்தால் ஒரு விஷயம் கவனிக்கலாம். பெரிய கட்டடமே இருக்காது. சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி. ஒரு அறையில் அதிகபட்சம் 4 பேர். அறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதவு, எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். வெடிபொருள் விதிகள் 2008 இப்படித்தான் கேட்கிறது. ஒரு அறை போனாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்ற கணக்கு.

இந்தக் கணக்கைக் குலைப்பது எப்படி? ரொம்ப ஈஸி. நடுவில் இருக்கும் காலி இடத்தைப் பயன்படுத்தினால் போதும். தீபாவளி நெருங்க ஆர்டர் குவியும். அறைக்குள் இடம் போதாது. மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துவார்கள். வராண்டாவில் சரக்கு அடுக்குவார்கள். இரண்டு அறைக்கு நடுவில் காய வைப்பார்கள். காலி இடம் என்பது வீணாகக் கிடக்கும் இடம் இல்லை. அதில் சரக்கை வைத்த நிமிடமே அது ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குப் போகும் திரியாகிவிடும்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் கணிசமானோர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடி வந்தவர்களும், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்களும். தீ பரவி, குவிந்திருந்த சரக்கு வெடித்தபோது அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஒரு அறையோடு நிற்க வேண்டியது அப்படி நிற்காமல் போனதற்கு, அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்த சரக்கும் ஒரு காரணம்.

2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்தில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டது. உரிமம் ஒருவர் பெயரில், உள்ளே அறைகள் பலருக்கு உள்குத்தகை என்ற ஏற்பாடு அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பாயம் சொன்னது.

உள்குத்தகைக்கும் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கு. பத்துப் பேர் வாடகைக்கு இருக்கும் காம்பவுண்டில் பொது வாசலை யார் கூட்டுவது? யாரும் கூட்ட மாட்டார்கள். ஆலைக்குள் நடப்பதும் அதேதான். அவரவர் அறைக்குள் அவரவர் சரக்கு. நடைபாதை, கழிவுக் குழி, தண்ணீர்த் தொட்டி இதெல்லாம் யார் பொறுப்பு? பதில் இல்லாத கேள்வி.

தீப்பெட்டி ஆபீஸில் இரண்டு துடைப்பம்

தீப்பெட்டி பட்டாசு அளவுக்கு ஆபத்தானது இல்லை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஓரளவு சரிதான், ஆனால் அந்த ‘ஓரளவு’க்குக் காரணமே ஒரு பிரிவினைதான்.

குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், வஜ்ஜிரம், கண்ணாடித் தூள் எல்லாம் சேர்ந்த மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸ். குச்சியைச் சுவரில் உரசினால் பற்றாது, பெட்டியில் உரசினால்தான் பற்றும். ஏன்னா குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் சந்தித்தால்தான் வேலை நடக்கும். ‘சேஃப்டி மேட்ச்’ என்ற பெயரே இந்தப் பிரிவினையால் வந்ததுதான்.

இப்போது இதே சந்திப்பு தரையில் நடந்தால்? தலை மருந்து முக்கும் இடத்தைக் கூட்டிய துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்க மருந்து பூசும் இடத்தையும் கூட்டினால்? காய்ந்த குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் கலந்தால் அது லேசான உராய்வுக்கே வெடிக்கக்கூடிய ரகம். வேண்டும் என்றே யாரும் அப்படிக் கலக்க மாட்டார்கள். ஆனால் ஒரு துடைப்பம் கலந்துவிடும். ஒரு வாளி கலந்துவிடும். ஒரே பிரஷ், ஒரே கைத்துணி, ஒரே குப்பைத் தொட்டி கலந்துவிடும்.

தீர்வுக்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் துடைப்பம், தனி வாளி, தனித் துணி. சிவப்புப் பெயின்ட் அடித்த கைப்பிடி ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வண்ணம் தெரியும். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ‘உங்க ஆபீஸ்ல எத்தனை துடைப்பம்?’ என்று கேட்டாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, காலிச் சாக்கு. குளோரேட் வந்த சாக்கை உதறிவிட்டு மிதியடியாகப் போடுவது, மேலே உட்காருவது, வீட்டுக்கு எடுத்துப் போவது எல்லாம் சாதாரணமாக நடக்கக்கூடியவை. குளோரேட் ஊறிய சணலும் துணியும் காய்ந்ததும் வேகமாகத் தீப்பற்றக் கூடியவை. வேலை செய்யும்போது உடுப்புக்கு மேலே போடும் பழைய சட்டைக்கும் இது பொருந்தும். அதைத் தினமும் துவைக்க வேண்டும். அதைப் போட்டபடியே வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது.

பற்றாத குச்சி, உடைந்த குச்சி, கட்டையில் இருந்து விழுந்த குச்சி எல்லாம் அன்றன்றைக்குத் தண்ணீர் டிரம்முக்குள் போக வேண்டும். மேஜைக்கு அடியிலும், சுவர் இடுக்கிலும், ஒட்டடையிலும் படியும் தூசியைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுவிட்ச் போர்டு மேல் படிந்திருப்பதை முக்கியமாக. எல்லாவற்றையும் விட, பண்டல்களைக் கதவுப் பக்கம் அடுக்கக் கூடாது. ‘லாரி வர்ற வரைக்கும் இங்க கிடக்கட்டும்க்கா’ என்று வைத்தது அங்கேயே இரண்டு நாள் கிடக்கும். தீ வந்தால் ஓடுவதற்கு இருப்பது அந்தக் கதவு மட்டும்தான்.

சரி, தெரிஞ்சும் ஏன் செய்வதில்லை?

இதுதான் உண்மையான கேள்வி. இவ்வளவும் அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியாதா? இருபது, முப்பது வருஷமாக அந்த வேலையைச் செய்பவர்கள். நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பெரும்பாலான இடங்களில் கூலி, பீஸ் ரேட். இத்தனை கட்டை அடுக்கினால் இவ்வளவு, இத்தனை பெட்டி அடைத்தால் இவ்வளவு, இத்தனை வெடிக்கு மருந்து செலுத்தினால் இவ்வளவு. இந்தக் கணக்கில் கூட்டுவதற்குக் காசு கிடையாது. சிந்தியதைத் துடைக்கும் பத்து நிமிடம் தொழிலாளியின் பாக்கெட்டில் இருந்து போகிறது. காலைக் கழுவிவிட்டு மறுபடி உள்ளே வரும் நேரம், மருந்து தீர்ந்ததும் கொஞ்சமாகப் போய் வாங்கி வரும் நேரம், எல்லாமே நஷ்டம். அதனால் ஒரே தடவையில் நிறைய மருந்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். இதை அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமே இல்லை. கூலிக் கணக்கு அப்படிச் செய்யச் சொல்கிறது.

‘தொழிலாளர்களின் கவனக்குறைவு’ என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் சொல்லப்படுவதைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுத்தம் செய்யும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒரு ஆலை முடிவு செய்தால், உதாரணமாக மதியச் சாப்பாட்டுக்கு முன் 10 நிமிடம், சாயங்காலம் 20 நிமிடம் எல்லாரும் வேலையை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும், அதுக்கும் நாள் கணக்கில் காசு என்றால், பாதிப் பிரச்சினை தீரும். தமிழில் கூட்டுதலும் பெருக்குதலும் துடைப்ப வேலைக்கும் சொல், கணக்குக்கும் சொல். இங்கே இரண்டும் ஒரே கணக்குதான்.

சட்டம் என்ன சொல்லுது?

சுத்தம் என்பது முதலாளியின் நல்ல மனசு சார்ந்த விஷயம் இல்லை. தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே இது கட்டாயம். தரையிலும் படிக்கட்டிலும் நடைபாதையிலும் சேரும் குப்பையைத் தினமும் அகற்ற வேண்டும். வேலை நடக்கும் அறையின் தரையை வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். வழுக்கும் பொருளோ, தடையோ நடைபாதையில் இருக்கக் கூடாது. வெடிக்கக்கூடிய தூசி சேராமல் பார்க்க வேண்டும். ஓடும் இயந்திரத்தைப் பெண்களோ சிறுவர்களோ சுத்தம் செய்யக் கூடாது என்றும் தனியாகவே எழுதி வைத்தார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அதில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு 2020, பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ‘தொழிற்சாலை’ என்று கணக்கிடுவதற்கான ஆள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர் என்பது 20 ஆகவும், மின்சாரம் இல்லாமல் என்றால் 20 பேர் என்பது 40 ஆகவும் மாறியிருக்கிறது. கரிசல் பக்கம் 15 பேரை வைத்து நடக்கும் சின்ன யூனிட்டுகள் எத்தனை என்று யோசித்தால் இதன் அர்த்தம் புரியும். ஆபத்தான தொழில் என்றால் ஆள் குறைவாக இருந்தாலும் தொகுப்பின் விதிகளைப் பொருத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. பட்டாசுக்கு வெடிபொருள் விதிகள் எப்போதும் தனி.

இரண்டாவது, தொழிலாளிக்குச் சாதகமானது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான பயம் இருந்தால், முதலாளியிடம் சொல்லவும், அதே நேரத்தில் ஆய்வாளர் கவனத்துக்குக் கொண்டுபோகவும் உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

கரி, பஞ்சு, கடலை மிட்டாய்

விளாத்திகுளம் பக்கம் வெடிமருந்தே இல்லாத வேலைகளிலும் இதே கதைதான். சீமைக் கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். பிரித்து எடுத்த கரி கருப்பாக, அணைந்துபோன மாதிரி இருக்கும். ஆனால் புதுக் கரி காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துத் தானாகச் சூடேறும் குணம் கொண்டது. உடனே மூட்டை பிடித்து அடுக்கினால் நடு மூட்டையில் சூடு தங்கி, ராத்திரி பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் பரப்பி, குறைந்தது ஒரு முழு நாள் ஆற விட்டு, கையை வைத்துப் பார்த்த பிறகே மூட்டை கட்டணும். தூள் கரியைத் தனியாகப் பிரித்து வைக்கணும், அது இன்னும் வேகமாகச் சூடேறும். உலக அளவில் கப்பல்களில் கரி கன்டெய்னர்கள் தீப்பிடித்த அனுபவத்தால், கடல்வழி ஆபத்துச் சரக்கு விதிகளையே 2026 ஜனவரி 1 முதல் இறுக்கியிருக்கிறார்கள். கரி தயாராகி 14 நாள் ஆற வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி.

கோவில்பட்டி மில்களில் பிரச்சினை பஞ்சு. மோட்டார் மேல், டியூப்லைட் மேல், இயந்திரத்துக்கு அடியில் என்று படியும். மோட்டார் சூடானால் பற்றும், நூல் வழியாக ஓடும். காற்றுக் குழாயை வைத்து ஊதித் தள்ளினால் தூசி இடம் மாறுமே தவிர வெளியேறாது, நுரையீரலுக்குள்ளும் போகும். உறிஞ்சும் இயந்திரம்தான் சரியான வழி.

2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய் செய்யும் இடங்களில் வெடி கிடையாது. கொதிக்கும் பாகு இருக்கிறது. தரையில் சிந்திய பாகில் கால் வழுக்கினால், கையில் இருக்கும் சட்டியில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லண்டனில் ஒரு தீக்குச்சி

‘இதெல்லாம் நம்ம ஊர் பிரச்சினை, வெளிநாட்டில் இப்படி இல்லை’ என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவம். 1987 நவம்பர் 18, லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையம். யாரோ ஒருவர் பற்ற வைத்துவிட்டுப் போட்ட தீக்குச்சி, மர எஸ்கலேட்டரின் இடுக்கு வழியாகக் கீழே விழுந்ததுதான் காரணம் என்று விசாரணை முடிவுக்கு வந்தது. குச்சி மட்டும் விழுந்திருந்தால் அணைந்திருக்கும். கீழே பல வருஷமாக முழுசாகச் சுத்தம் செய்யப்படாத கிரீஸும், காகிதமும், நாரும் சேர்ந்து கிடந்தன. 31 பேர் இறந்தார்கள்.

2008 பிப்ரவரி 7, அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு சர்க்கரை ஆலை. சர்க்கரை வெடிக்குமா என்று கேட்டால், நாம் டீயில் போடும் சர்க்கரை வெடிக்காது. ஆனால் மாவு மாதிரி பொடியாகிக் காற்றில் பறந்தால் வெடிக்கும். முதலில் ஒரு சின்ன வெடிப்பு. அதன் அதிர்ச்சியில், ஆலை முழுக்கத் தரையிலும் உத்தரத்திலும் படிந்து கிடந்த தூசி கிளம்பியது. அடுத்தடுத்த வெடிப்புகளுக்கு அதுவே தீனி. 14 பேர் இறந்தார்கள். மோசமான ஹவுஸ் கீப்பிங் முக்கியக் காரணம் என்று அமெரிக்க விசாரணை அமைப்பு எழுதி வைத்திருக்கிறது.

ஜப்பானில் இருந்து வந்த ‘5 எஸ்’ என்ற முறையைப் பெரிய கம்பெனிகளில் போர்டு எழுதி மாட்டியிருப்பார்கள். வேண்டாததைப் பிரி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, எல்லாரும் ஒரே மாதிரி செய், அதையே பழக்கமாக்கு. அவ்வளவுதான். போர்டு நல்லது. துடைப்பம் அதைவிட நல்லது.

நீங்களோ, உங்க வீட்டில் யாரோ இந்த வேலைக்குப் போனால்...

வேலைக்குச் சேரும் முதல் நாளே சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்க. உட்காரும் இடத்தில் இருந்து கதவு தெரிகிறதா? நடுவில் எதையாவது தாண்டித்தான் ஓட வேண்டுமா? ஒரு அறையில் எத்தனை பேர்? வாசல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா? நேற்றைய மருந்து எங்கே போனது என்று போர்மேனிடம் கேட்டால் பதில் வருகிறதா? இதில் எதுவுமே கேட்கக் கூடாத கேள்வி இல்லை. வீட்டில் இருப்பவர்களும் ராத்திரி சாப்பிடும்போது, ‘அம்மா, இன்னைக்கு உங்க ரூம்ல எத்தனை பேர்?’ என்று கேட்கலாம்.

உரிமம் இல்லாமல் வீட்டிலோ தோட்டத்திலோ வெடி செய்யக் கூப்பிட்டால், கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் போகாதீங்க. அது குற்றம் என்பது ஒரு பக்கம். அங்கே இடைவெளி கிடையாது, தொட்டி கிடையாது, கழிவுக் குழி கிடையாது, பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

வெடித்துவிட்டால் சரக்கையோ, சாப்பாட்டுப் பையையோ எடுக்கத் திரும்பாமல் காற்று வரும் திசையைப் பார்த்து வெளியே ஓட வேண்டும். ஊர்க்காரர்கள் உடனே உள்ளே போகக் கூடாது, செல்போனில் படம் எடுக்கக் கிட்டேயும் போகக் கூடாது. முதலிப்பட்டியில் உயிர் போனது அப்படித்தான். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112. தீக்காயத்தின் மேல் இங்க், பேஸ்ட், மாவு எதுவும் தடவ வேண்டாம். சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்க. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. எந்த ஆலை, எந்த மருந்து என்று தெரிந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்க.